பெண்பிள்ளையும் முரட்டு விளையாட்டும்

ஒரே வீட்டில் நடந்த இரண்டு காயங்களின் கதையோடு தொடங்குகிறேன், வாசகரே.

என் மூத்த மகன் தரம் 10இல் படிக்கும்போது உதைபந்தாட்டத்தில் விழுந்து இடக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தான். பிளாஸ்ரர் போட்ட கையோடு அவன் படலையைத் திறந்து வந்தபோது வீட்டில் ஒரு கொண்டாட்டமே நடந்தது. கூட்டாளிமார் வந்து அந்த வெள்ளைக் கட்டில் தங்கள் பெயர்களை எழுதினார்கள். அயலவர் ஒருவர், "ஆம்பிளைப் பிள்ளையெண்டா ஒரு முறிவாவது இருக்கவேணும்" என்று சொல்லிச் சிரித்தார். நான் அதை மறுக்கவில்லை. எந்தப் பந்தைத் தடுக்கப் போய் அவன் விழுந்தான் என்ற விபரத்தை வேலைத்தலத்தில் நாலு பேருக்குச் சொல்லியும் திரிந்தேன்.

நாலு வருடங்கள் கழிந்து, பதினைந்து வயதில், என் மகள் கபடிப் பயிற்சியிலிருந்து வந்தாள். இன்னொரு பிள்ளையின் முழங்கை பட்டு இடப்புருவம் வெடித்திருந்தது. மூன்று தையல். எலும்பு முறியவில்லை, கண்ணுக்குப் பழுதில்லை. ஆயினும் அன்று எங்கள் வீடு செத்தவீடு போல இருந்தது. மனைவி அழுதார். மாமியார் சாப்பிடாமல் சுவரோடு சாய்ந்து இருந்தார். நான் கோபப்பட்டேன். யார்மேல் கோபம் என்று கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திராது. பெயர் எழுத ஒருவரும் வரவில்லை. வந்தவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டே விசாரித்தார்கள்.

முறிந்த எலும்பு சிரிப்புக்கும் வெடித்த புருவம் துக்கத்துக்கும் உரியதானது எப்படி? இந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. பெண்பிள்ளைகள் உதைபந்தும் கபடியும் றக்பியும் ஆடும் காலத்தில் நாம் வாழ்கிறோம். தெல்லிப்பளை மகாஜனாக் கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்டத்தில் அகில இலங்கைப் பட்டத்தை வென்று வந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்து நாமெல்லாரும் மகிழ்ந்தோம். அயல் வீட்டுப் பிள்ளை வென்றால் மகிழ்ச்சி. சொந்தப் பிள்ளையின் புருவம் வெடித்தால் வேறு கதை.

தையல் பிரித்த கிழமையே பாடசாலையிலிருந்து சம்மதக் கடிதம் வந்தது. வலயமட்டப் போட்டியில் மகள் பங்குபற்றுவதற்குப் பெற்றோரின் ஒப்பம் வேண்டுமாம். மகனுடைய கடிதங்களில் நான் சைக்கிள் இருக்கையை மேசையாக்கி நின்ற நிலையில் ஒப்பமிட்டவன். இந்தக் கடிதமோ நாலு நாள் மேசையிற் கிடந்தது. மகள் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் தினமும் அந்த மேசையைத் துடைத்தாள். கடிதத்தைத் தூக்கித் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

மாமியார் மட்டுமே மனதில் உள்ளதை வெளியே சொன்னார். "முகத்திலை வடு விழுந்தா நாளைக்கு ஆர் வந்து கேக்கப்போகினம்?" அவரை நான் கண்டிப்பது போலப் பாசாங்கு செய்தேன். உண்மை என்னவென்றால், அதே எண்ணம் எனக்குள்ளும் கிடந்தது. அவருக்கு அதைச் சொல்லும் நேர்மை இருந்தது, எனக்கு இருக்கவில்லை. மகனுடைய உடல் அவனுடையது. அவன் அதைக்கொண்டு வேலை செய்வான், விளையாடுவான், முறித்துக்கொள்வான். மகளுடைய உடலோ இன்னும் பெயர் தெரியாத ஒருவனுக்காக நாம் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் பொருள். கீறல் விழுந்தால் பெறுமதி குறையும். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சீதனம் பேசும் திண்ணைகளில் இருந்து எழுந்தவர்கள்தானே நாமெல்லாரும்? உங்கள் நெஞ்சிலும் கை வைத்துப் பாருங்கள்.

அன்றிரவு மாமியார் இன்னொரு கதையும் சொன்னார். சிறுமியாக இருந்தபோது கிளித்தட்டில் அவரை மிஞ்ச அந்த ஒழுங்கையில் ஆள் இல்லையாம். மண்ணில் கோடு கீறி, பெட்டி பெட்டியாய்ப் பிரித்து, கோட்டில் நிற்பவனின் அடிக்குத் தப்பி ஓடும் விளையாட்டு அது. நம்மில் முதியவர்கள் எல்லாருக்கும் தெரியும், அந்த அடி எவ்வளவு உறைக்கும் என்று. பொடியன்களின் முதுகில் அவர் வைத்த அடியைப் பற்றிச் சொல்லும்போது எழுபத்தெட்டு வயதுக் கண்கள் மின்னின. "பிறகு?" என்று மகள் கேட்டாள். "பிறகென்ன, பெரியபிள்ளையானன். அதோடை சரி." சற்றுப் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குப் பிறகு நான் ஓடினது ஷெல்லடிக்குத்தான் மோனை."

அவர் அதைத் துக்கமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார். என் மகள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஷெல்லடி என்றதும் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1983 தொடக்கம் 2009 வரை இந்த மண்ணில் பெண்பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருந்த பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். சோதனைச்சாவடி, சுற்றிவளைப்பு, இடப்பெயர்வு என்று வாழ்ந்தவர்களுக்கு மகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருப்பதே பெரிய நிம்மதி. அன்று அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. காரணம் மாறிய பின்னும் பயம் பழக்கமாய் வீட்டுக்குள் தங்கிவிட்டது. பழகிப்போன பயத்தையும் காரணமுள்ள பயத்தையும் பிரித்தறிவது பெற்றோரின் கடமைகளில் ஒன்று என்று நினைக்கிறேன். அது மிகக் கடினமானது, ஏனெனில் இரண்டும் நெஞ்சில் ஒரே மாதிரித்தான் அடிக்கும்.

"பெண்ணின் உடம்பு இதற்கு ஏற்றதல்ல" என்று சொல்வோர் உண்டு. இது புதிய வாதமல்ல. இங்கிலாந்தில் 1920 டிசம்பர் 26ஆம் திகதி, லிவர்பூல் நகரத்து மைதானம் ஒன்றில், தொழிற்சாலைப் பெண்களின் உதைபந்தாட்ட அணி ஒன்றைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருடமே, 1921 டிசம்பரில், அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் இந்த விளையாட்டு பெண்களுக்கு உகந்ததல்ல என்று சொல்லித் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. திரும்பத் திறக்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் சென்றன. 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்களின் 800 மீற்றர் ஓட்டம் முதன்முதலாக நடந்தது. ஓடிய பெண்கள் துவண்டு விழுந்து கிடந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. இறுதியோட்டத்தில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள், வென்றவர் உலக சாதனையும் படைத்தார் என்பதுதான் நடந்தது. ஆனாலும் எழுதியதே நின்றது. அந்த ஓட்டம் ஒலிம்பிக்கிற்குத் திரும்பியது 1960இல்தான். ஆண்களும் ஓட்டம் முடிந்தவுடன் புல்லில் விழுந்து மூச்சு வாங்குவதை நாம் பார்த்ததில்லையா? அதற்கு எவரும் தடை போடவில்லை.

ஆகவே வைத்தியத்தின் பேரைச் சொல்லி வரும் பயத்தைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். உரசினால் அதில் பொன்னும் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கென்று உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. ஆனால் அது நாம் பார்க்கும் இடத்தில் இல்லை.

நாம் முகத்தைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது முழங்காலை. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார்களில் ஒன்று, உதைபந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில், ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு 2 மடங்கு, 3 மடங்கு என்ற அளவில் அதிகமாக அறுகிறது. அதில் பெரும்பாலானவை எவரும் இடிக்காமலே நடப்பவை. ஓடிய வேகத்தில் திடீரென நிற்பது, திரும்புவது, துள்ளி ஒற்றைக் காலில் இறங்குவது: இவைதான் காரணம். இப்போது நம் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளுக்கு ஏற்றது என்று தலைமுறை தலைமுறையாக நாம் நம்பும் வலைப்பந்தாட்டத்தை எண்ணிப் பாருங்கள். நீண்ட பாவாடை உடுத்த பெண்கள் ஆடுவதற்காக இங்கிலாந்தில், கூடைப்பந்திலிருந்து வடித்தெடுத்த விளையாட்டு அது. எதிராளியைத் தொடக்கூடாது, பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்கவேண்டும். பார்க்க மென்மையானது. ஆனால் பந்தைப் பிடித்தவள் அந்த இடத்திலேயே சடுதியாக நிற்கவேண்டும் என்பதும் அதன் விதி. அந்தச் சடுதி நிறுத்தம் முழங்காலுக்குப் பொல்லாதது. முரட்டு விளையாட்டு வேண்டாம் என்று மகளை வலைப்பந்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் தந்தை, எனக்குத் தெரிந்த சிலரைப் போல, ஒருநாள் திடுக்கிட்டு எழக்கூடும்.

இதற்கு மருந்து விலக்கி வைப்பதல்ல, பழக்குவது. நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான உதைபந்துப் பெண்பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2008இல் வெளியானது. ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம், ஓட்டம், தொடைக்கும் இடுப்புக்கும் பலம் கொடுக்கும் பயிற்சி, சரியாகத் துள்ளி இறங்கும் பயிற்சி என்று ஒழுங்காகச் செய்தவர்களிடையே காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாயின. செலவு ஒன்றும் இல்லை. ஆனால் என் மகளின் பயிற்சியில் என்ன நடக்கிறது என்று, அந்தப் புருவம் வெடிக்கும்வரை, நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. மைதானத்தைச் சுற்றி இரண்டு தரம் ஓடிவிட்டுப் பிடிக்கத் தொடங்குவார்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

மற்றது தலை. அடிபட்ட பிள்ளை மயங்கி விழாவிட்டால் பயமில்லை என்று நம்மிற் பலர் நினைக்கிறோம். மூளையதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதேயில்லை. தலையிடி, தலைசுற்று, வாந்தி, கேட்ட கேள்விக்கு மந்தமான பதில், வெளிச்சத்தைக் கண்டு கண்கூசுதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் வந்தால் அன்று அந்தப் பிள்ளை திரும்ப மைதானத்தில் இறங்கக்கூடாது, இறுதிப்போட்டியாக இருந்தாலும் சரி. மூளை ஆறுமுன் விழும் இரண்டாவது அடி முதலாவதைவிடக் கொடியது. இது மகனுக்கும் மகளுக்கும் ஒரே சட்டம். மகனுடைய தலையில் பந்து பட்டபோது நான் "ஒண்டுமில்லை, எழும்பு" என்று கரையில் நின்று கத்தியிருக்கிறேன். அந்த நாளை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

கபடியைப் பற்றி, அதை ஆடாதவர்களுக்காக, சிறிது சொல்லவேண்டும். சடுகுடு என்று நம் முன்னோர் ஆடியதுதான். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஒருத்தி மாத்திரம் நடுக்கோட்டைத் தாண்டி, "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குள் நுழைகிறாள். 30 வினாடிக்குள் யாரையாவது தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்பவேண்டும். எதிரே நிற்கும் ஏழு பேரும் கைகோத்து அவளைப் பிடித்து நிலத்தில் அமத்தப் பார்க்கிறார்கள். ஏழு பேருக்கு நடுவே தனியாகப் போகும் ஒரு பெண்பிள்ளை, அதுவும் உரத்த குரலில். பெண்பிள்ளையின் குரல் படலைக்கு வெளியே கேட்கக்கூடாது என்று வளர்ந்த எங்களுக்கு முதலில் காது கூசும்.

முரட்டு விளையாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முரட்டுத்தனத்தைச் சுற்றி விதிகள் நெருங்கிய வேலி போல நிற்கின்றன. பாடி வருபவளைக் கை, கால், உடம்பில் மட்டுமே பிடிக்கலாம். மயிரைப் பற்றக்கூடாது, உடுப்பைப் பற்றக்கூடாது. வாயைப் பொத்தக்கூடாது, கழுத்தை நெரிக்கக்கூடாது, இரு கால்களாலும் கத்தரிக்கோல் போலப் பின்னிப் பிடிக்கக்கூடாது. உடம்பில் எண்ணெய் பூசக்கூடாது. நகங்கள் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். ஒரு பெண்ணின் உடலை எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்று இத்தனை தெளிவாக வகுத்து, மீறியவனை உடனே ஊதி நிறுத்தும் இடம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? பஸ்ஸில் இருக்கிறதா?

அடக்கம், உடை என்று கவலைப்படுவோருக்கு ஒரு செய்தி. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்களின் கபடி 1990இலும் பெண்களின் கபடி 2010இலும் சேர்க்கப்பட்டன. 2018இல் ஜக்கார்த்தாவில் நடந்த இறுதியாட்டத்தில் ஈரான் நாட்டுப் பெண்கள், தலையை மூடி, கைகால்களை முழுதும் மறைத்து ஆடி, இந்தியாவை 27க்கு 24 என்று வென்றார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஷைலஜா ஜெயின் என்ற இந்தியப் பெண்மணி. உடையைக் காரணம் காட்டி மகளை மறிப்பவர்கள் அந்த ஆட்டத்தைத் தேடிப் பார்க்கலாம்.

ஐந்தாம் நாள் நான் ஒப்பமிட்டேன். பெருந்தன்மையால் அல்ல. கடிதத்தைத் தூக்கித் துடைத்துத் திரும்ப வைக்கும் அந்தக் கையைப் பார்க்க முடியாமல்தான்.

வாசகரே, இதுவரை நான் சொன்னதெல்லாம் என் மகள் அடிபடுவாளோ என்ற கவலையைப் பற்றியது. நடந்தது வேறு. வலயமட்டப் போட்டிக்குச் சில கிழமைகளின் முன் இன்னொரு பாடசாலையோடு சிநேகபூர்வ ஆட்டம் ஒன்று நடந்தது. பாடி வந்த மெலிந்த பிள்ளை ஒன்று திரும்பிப் பாயும்போது என் மகள் குனிந்து அவளின் கணுக்காலைப் பிடித்தாள். அதே கணத்தில் மற்ற இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். அந்தப் பிள்ளை தோளடிபட விழுந்தது. நான் அன்று கரையில் நின்றேன். சத்தம் எனக்கே கேட்டது. காறை எலும்பு முறிந்துவிட்டது.

அந்த மைதானத்து முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் காலாவதியான மருந்துப் போத்தல் ஒன்றும் இருந்தன. கையைத் தூக்கிக் கட்ட ஒரு துணி இல்லை. ஒரு தாயின் முந்தானையைக் கிழித்துக் கட்டினோம். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதை யாரையும் சந்தியில் நிறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் எண்ணம் அங்கே நின்ற பெற்றோர் எவருக்கும், எனக்கும், அதற்கு முன் வரவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வரும் வழியெல்லாம் மகள் பேசவில்லை. வீட்டு வாசலில் நின்று, "அப்பா, நான் பிழையாப் பிடிக்கேல்லை" என்றாள். "தெரியும்" என்றேன். "அப்ப ஏன் எனக்கு இப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இன்றும் முழுதாகச் சொல்லத் தெரியாது, முயன்று பார்க்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ், தற்காப்பைப் பற்றி எழுதும்போது, ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கக்கூடும், ஒன்று நாம் கருதியது, மற்றது நம் கருத்துக்குப் புறம்பானது என்று பிரித்துக் காட்டினார். கணுக்காலைப் பிடித்த என் மகள் கருதியது அந்தப் பிள்ளை கோட்டைத் தொடாமல் மறிப்பதை. எலும்பு முறிவு அதற்குப் புறம்பாக வந்தது. எலும்பு முறியாமலே அந்தப் பிடி வெற்றியாகியிருக்கும். முறிந்ததால் ஒரு புள்ளியும் கூடவில்லை. இந்த இடத்தில்தான் நான் கோடு கீறுகிறேன். எதிராளிக்கு உண்டாகும் சேதமே வெற்றியாகும் விளையாட்டு வேறு. குத்துச்சண்டையில், தலையில் அடித்து ஒருவனை எழும்பவிடாமற் செய்தால் அது குறைபாடல்ல, அதுவே உச்சமான வெற்றி. 2012 தொடக்கம் ஒலிம்பிக்கில் பெண்களும் அதை ஆடுகிறார்கள். என் மகளுக்கு அதற்கு ஒப்பமிடமாட்டேன். என் மகனுக்கும் இடமாட்டேன். புள்ளி எண்ணி வெல்லும் குத்துச்சண்டையும் உண்டென்று மகன் என்னோடு வாதாடுகிறான். உங்களிற் சிலரும் அவன் பக்கம் நிற்கக்கூடும். நான் அசையவில்லை.

ஆனால் "கருதிச் செய்யவில்லை" என்பது எல்லாவற்றையும் மூடிவிடும் போர்வையல்ல. காரை வேகமாக ஓட்டுபவனும் எவரையும் கொல்லக் கருதுவதில்லை. பிடிக்கக் கற்றவள், பிடிபட்டவளைத் தாங்கி இறக்கவும் கற்றிருக்க வேண்டும். மேலே விழப்போகும் கூட்டாளிகள் எப்போது நிறுத்தவேண்டும் என்று அறிந்திருக்க வேண்டும். தரையைக் கிளறி இளக்கியிருக்க வேண்டும். இவையெல்லாம் செய்யப்பட்டிருந்தால் அவள் மனம் ஆறலாம். செய்யப்படாதவற்றுக்கு அவளைவிட, கரையில் நின்ற வளர்ந்தவர்களாகிய நாங்கள்தான் பொறுப்பு. அவளுக்கு "அப்பிடி" இருந்ததில் பிழையில்லை என்றும் அவளுக்குச் சொன்னேன். குற்றம் இல்லாத இடத்திலும் மனம் நோகும். நோகாதவளாய் அவள் இருந்திருந்தால் அந்த ஒப்பத்தை நான் மீளப் பெற்றிருப்பேன்.

அடுத்தநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பிள்ளையின் தாய் சந்தையில் மரக்கறி விற்பவர். பாதி நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். ஆறு கிழமை கையைத் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னாராம். நான் பணம் கொடுக்க முயன்றேன், வாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பிள்ளையிலை பிழையில்லை அண்ணை" என்றார். "என்ரை பிள்ளையும் இதைத்தானே மற்றப் பிள்ளையளுக்குச் செய்யிறவள். எனக்குத் தெரிஞ்சுதான் கையெழுத்து வைச்சனான்."

நான் நாலு நாள் மேசையில் போட்டு வைத்த கடிதத்தை அவர் சந்தைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பமிட்டிருப்பார். என்னைவிடத் தெளிவாக, எதற்கு ஒப்பமிடுகிறோம் என்று அறிந்தே செய்திருக்கிறார். தன் பிள்ளைக்கு நோவு வரலாம் என்பதற்கு மட்டுமல்ல, தன் பிள்ளையால் இன்னொருத்திக்கு நோவு வரலாம் என்பதற்கும். நான் என் மகளின் உடலை மட்டுமே நினைத்தேன். மற்றப் பிள்ளைகளின் உடல்கள் என் கணக்கில் இருக்கவில்லை.

இந்த அபாயத்துக்கெல்லாம் ஈடாக அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேடயங்களைப் பற்றி நான் பேசவில்லை. அவை தூசி பிடிக்கும். ஐரிஸ் யங் என்ற அமெரிக்கத் தத்துவாசிரியை 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்பிள்ளைகள் பந்தெறியும்போது முழு உடம்பையும் பாவிக்காமல் கையை மட்டும் அசைக்கிறார்களே, ஏன் என்பது அவர் எடுத்த கேள்வி. தசையில் பலம் இல்லாததால் மட்டும் அல்ல, தன் உடல் பிறர் பார்ப்பதற்கான ஒரு பொருள் என்று சிறுவயதிலிருந்தே பழகிப்போவதாலும்தான் என்பது அவர் கண்ட விடை. அதைப் படித்தபோது என் மகள் பஸ்தரிப்பில் நிற்கும் கோலம் கண்ணில் வந்தது. முன்பெல்லாம் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்து, தோளை ஒடுக்கி, இடம் பிடிக்காமல் நிற்பாள். இப்போது பையைத் தோளில் போட்டுக் கையை வீசி நிற்கிறாள். நிற்பதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவையும் எடுத்துக்கொண்டு. கபடி ஆடினால் பஸ்ஸில் தொல்லை வராது என்று நான் சொல்லவரவில்லை. தொல்லை, கொடுப்பவனின் குற்றம். எந்தப் பெண்ணும் பலசாலியாய் இருந்து அதற்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் விழுந்து எழும்பத் தெரிந்த உடம்பு வேறுவிதமாக நிற்கிறது; அதை நான் கண்ணால் கண்டேன்.

மறுக்கவேண்டிய நேரங்களும் உண்டு. நோவைச் சொன்னால் கோழை என்று ஏசும் பயிற்றுநரிடம் பிள்ளையை விடக்கூடாது. மாதவிடாய் பல மாதம் நின்றுபோயும் மெலியச் சொல்பவரிடம் விடக்கூடாது. பூட்டிய அறையில் தனியாகப் பயிற்சி என்பவரிடம் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. இவற்றை அறிய ஒரே வழி அடிக்கடி போய் நிற்பதுதான். அடிபட்டால், வீங்கிய மூட்டை எண்ணெய் போட்டு உருவுமுன் டொக்டரிடம் காட்டுங்கள். முறிவு நெரிவு வைத்தியருக்குரிய மரியாதை அதனால் குறையாது. பிள்ளையே ஒருநாள் "இனி வேண்டாம்" என்றால் அதற்கும் காது கொடுங்கள். பெற்றோரின் வீரத்துக்காக ஆடும் பிள்ளையைப் பார்ப்பதைப் போலப் பரிதாபம் வேறில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை திரும்பவும் எங்கள் மைதானத்துக்கு வந்தாள். பாடி வந்தபோது என் மகளுக்கு எதிரே கணுக்கால் கிடந்தது; அவள் பிடிக்கவில்லை, கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை சும்மா நடந்து கோட்டைத் தாண்டினாள். ஆட்டம் முடிய, தண்ணீர்க் குழாயடியில், அவள் என் மகளைக் கோபமாக ஏசுவது கேட்டது. "பாவம் பாத்து விடுறியோ? அப்பிடியெண்டா நான் வீட்டை நிக்கிறன்."

நாளை அவர்களுக்கு மீண்டும் ஆட்டம் இருக்கிறது. இந்த முறை முதலுதவிப் பெட்டியை நானும் அந்த மரக்கறிக்காரத் தாயும் சேர்ந்து நிரப்பியிருக்கிறோம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே மனைவியின் குரல் கேட்கிறது. கபடி என்ற சொல்லை அவர் இன்னும் வாயால் சொல்வதில்லை. விளக்கடியில் மகளைக் கூப்பிட்டு இருத்தி, நகவெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மற்றக் கையைக் கொண்டா" என்கிறார்.